ஜாக்கெட்டில் கோளாறா, உடம்பிலா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் கடையில் புதுத் துணி தைப்பது குறைவு. மற்றவர்கள் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்வதுதான் அதிகம். ஆல்ட்ரேஷனுக்கு வருகிற பெண்கள் பெரும்பாலும் ஜாக்கெட்டைக் குறை சொல்லி ஆரம்பிப்பதில்லை. "எனக்குக் கை குண்டு அக்கா", "ரெண்டு பிள்ளை பெத்த வயிறு, என்ன செய்றது" என்று தங்களையே குறை சொல்லிக்கொண்டுதான் பையைத் திறப்பார்கள். போட்டுக் காட்டச் சொன்னால் ஷோல்டர் தோள் எலும்பைத் தாண்டி முக்கால் இன்ச் தொங்கும். அவர் திட்டிய கைக்கும் அந்தத் தொங்கலுக்கும் சம்பந்தமே இருக்காது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அளவு ஜாக்கெட். நம் ஊரில் டேப் வைத்து அளவெடுக்கக் கூச்சம். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து "இதே மாதிரி" என்போம். தையல்காரர் அதை விரித்து சாக்பீஸால் கோடு போடுவார். அதில் இருந்த பிழையும் சேர்ந்தே புதுத் துணிக்கு ஏறும். அடுத்த முறை அந்தப் புதுசு அளவு ஜாக்கெட் ஆகும். நாற்பத்தாறு வயதில் ஒருவர் வந்தார். அவர் கொடுத்த அளவு ஜாக்கெட்டின் பூர்வீகம் கேட்டால் கல்யாண ஜாக்கெட் வரை போகிறது. சுற்றளவை மட்டும் அவ்வப்போது பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மார்பின் உச்சி இருபது வருடத்தில் ஒன்றரை இன்ச் இறங்கியிருந்தது. மார்பு வளைவுக்காகத் துணியில் பிடிக்கிற மடிப்பான டாட் மட்டும் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் இடத்திலேயே கூராக நின்றது.

பிரிக்கும் முன்

எந்தச் சேலைக்குப் போடப் போகிறீர்களோ அன்று அணியும் பிராவைப் போட்டுக்கொள்ளுங்கள். தளர்ந்த பிராவோடு அளவெடுத்த ஜாக்கெட் நல்ல பிராவோடு உட்காராது. இது மட்டுமே காரணமாக இருந்து, ஒரு தையலும் பிரிக்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. பிறகு கண்ணாடி முன் நேராக, பக்கவாட்டில், கையைத் தூக்கி என்று மூன்று நிலையில் பாருங்கள். முதுகுப் பக்கத்தை யாரையாவது போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எட்டிப் பார்த்தால் உடம்பு திரும்பி, துணியும் திரும்பி, சுருக்கம் பொய் சொல்லும்.

சுருக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குறுக்கே இழுபட்ட கோடுகள் என்றால் அந்த இடத்தில் துணி போதவில்லை. மேலிருந்து கீழாகத் தொய்ந்த மடிப்பு என்றால் துணி கூடுதல். சாய்வாக ஓடும் கோடு ஏதோ ஒரு புள்ளியைக் காட்டும். அது மார்பின் உச்சியாக இருக்கலாம், தோள் முனையாக இருக்கலாம். கோளாறு அந்தப் புள்ளியில். கோடு தெரிகிற இடத்தைப் பிடித்துத் தைத்தால் இன்னும் கெடும்.

"ஷோல்டர் நிக்கவே மாட்டேங்குது, இறங்கி இறங்கி வருது"

முதலில் ஷோல்டர் அளவு. முதுகுப் பக்கம் ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை டேப்பை வைத்துப் பாருங்கள். ஜாக்கெட்டில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் வேறெதையும் தொட வேண்டாம். கையைப் பிரித்து, ஷோல்டரைக் குறைத்து, மறுபடி கை ஏற்ற வேண்டும். வேலை அதிகம்தான். கையைப் பிரிக்கச் சோம்பல்பட்டு கழுத்தோரம் பிடித்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. கழுத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு தோள் முனை அப்படியே தொங்கும்.

அளவு சரியாக இருந்தும் இறங்குகிறதா? அப்படியானால் கழுத்து. முன்னாலும் பின்னாலும் ஒரே ஜாக்கெட்டில் ஆழமாக இறக்கினால் தோளில் பிடிப்பு என்று ஒன்றும் மிஞ்சாது. பின்கழுத்து 9 இன்ச் வேண்டும் என்றால் முன்கழுத்தை ஏற்றி வையுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் பின்னால் கயிறு வைத்தே ஆக வேண்டும். அந்தக் கயிறு அலங்காரக் குஞ்சலத்துக்காக வந்தது என்று நினைக்கிறோம். அது செய்கிற வேலை இரண்டு தோளையும் உள்ளே இழுத்துப் பிடிப்பது.

மூன்றாவது காரணம் சரிந்த தோள். சிலருக்குக் கழுத்திலிருந்து தோள் சட்டென்று இறங்கும். ஷோல்டர் தையலை வெளிமுனையில் மட்டும் கால் இன்ச் சரித்துத் தைத்தால் போதும். ஆனால் அதே அளவு அக்குள் குழியையும் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் கை இறுகும். இவர்களுக்குப் படகுக் கழுத்தும், தோளில் கொஞ்சம் சுருக்கு வைத்த கையும் நன்றாக அமையும். தோள் அகன்றவர்கள் அந்தச் சுருக்குக் கையைத் தவிர்க்கலாம். அவர்களுக்கு வி கழுத்து பார்வையை உள்ளே கொண்டுவரும்.

"ஹூக்குக்கு நடுவுல வாய் பிளக்குது"

இதற்குத்தான் எல்லாரும் தப்பான வைத்தியம் செய்கிறார்கள். பக்கத்துத் தையலைப் பிரித்து லூஸ் விடுவார்கள். முதுகு தொளதொளவென்று ஆகும், ஹூக் அப்போதும் பிளக்கும்.

காரணம் எளிது. சுற்றளவு 38 என்றால் பல கடைகளில் அதை நாலாக வகுத்து, முன் பாகத்துக்கும் பின் பாகத்துக்கும் சமமாகக் கொடுத்துவிடுகிறார்கள். 38 இன்ச் சுற்றளவு உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்கு அகன்ற முதுகு, சிறிய மார்பு இருக்கலாம். இன்னொருவருக்கு ஒடுங்கிய முதுகு, பெரிய மார்பு. டேப் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இரண்டாவது பெண்ணுக்கு முன் பாகம் பற்றாது, பின் பாகம் மிஞ்சும். மார்பின் மேலே, அக்குளை ஒட்டி இன்னொரு சுற்று அளவெடுங்கள். அதற்கும் முழுச் சுற்றுக்கும் வித்தியாசம் 3 இன்ச்சுக்கு மேல் போனால், முன் பாகத்துக்குத் தனியாகக் கூடுதல் துணி கேளுங்கள்.

கையில் இருக்கும் ஜாக்கெட்டுக்கு என்ன செய்யலாம்? டாட்டின் ஆழம் பாருங்கள். டாட் என்பது தட்டைத் துணியைக் கிண்ணமாக்குகிற மடிப்பு. ஆழம் கூடினால் கிண்ணம் ஆழமாகும், ஆனால் அதற்குத் துணி வேண்டும். பக்கத்தில் உள்தையல் மிச்சம் இருந்தால் முன் பாகத்தில் மட்டும் விட்டு, அந்தத் துணியை டாட்டுக்குக் கொடுக்கலாம். டாட் முனை மார்பின் உச்சியைத் தொடக் கூடாது. ஒரு இன்ச் முன்பே முடிந்துவிட வேண்டும். தொட்டால் அங்கே கூம்பு மாதிரி நிற்கும். ஹூக்குகளை நெருக்கி வைத்து, உச்சிக்கு நேராக ஒன்று விழும்படி பார்த்தால் தற்காலிக நிம்மதி.

அடுத்த முறை தைக்கும்போது பெரிய மார்பு உள்ளவர்கள் பிரின்சஸ் கட் அல்லது கட்டோரி (மார்புக்குத் தனிக் கிண்ணத் துண்டு வைப்பது) சொல்லுங்கள். நாலு டாட் ஜாக்கெட் நடுத்தர அளவுக்கு நன்றாக உட்காரும். அதற்கு மேல் டாட் மட்டும் போதாது, துணியையே துண்டு போட்டு வளைக்க வேண்டும். கிராஸ் கட்டிங்கும் நல்லது: துணியைச் சாய்வாக வெட்டுவதால் அது கொஞ்சம் நெகிழ்ந்து உடம்பு வளைவைப் பிடிக்கும். ஆனால் மேல்துணியைக் கிராஸாக வெட்டி லைனிங்கை நேராக வெட்டினால் அந்த நெகிழ்வு செத்துப்போகும். இரண்டும் கிராஸ்தானா என்று கேட்டுவிடுங்கள். துணி கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

"கையைத் தூக்கினா ஜாக்கெட் மொத்தமா மேல ஏறுது"

பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற யாருக்கும் தெரியும். தைக்கிறவரிடம் சொன்னால் "அக்குள் டைட்டா இருக்கு போல, இறக்கிவிடுறேன்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அக்குள் குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குக் கை உடம்போடு ஒட்டிப்போகும். கை மேலே போனால் பக்கமெல்லாம் சேர்ந்து போகும். குழி அக்குளை ஒட்டி, ஒரு விரல் புகும் இடைவெளியில் இருந்தால் கை தனியாகத் தூக்க வரும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஒரு முறை அப்படித் தைத்துப் போட்டால் விட மாட்டீர்கள்.

தைத்து முடிந்த ஜாக்கெட்டில் இறங்கிய குழியை ஏற்ற வழி ஒன்றுதான்: அக்குளில் சின்னச் சதுரப் பட்டி வைத்துத் தைப்பது. அதே நிறத்துண்டு இருந்தால் வெளியே தெரியாது. அதனால்தான் மிச்சத் துணியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள் என்கிறேன்.

"கை குண்டாத் தெரியுது"

கை முடிகிற இடத்தைப் பாருங்கள். துணி முடிகிற இடத்தில்தான் கண் நிற்கும். பெரும்பாலான ஜாக்கெட்டில் அது மேற்கையின் மிகப் பெருத்த இடமாக இருக்கிறது, போதாததற்கு அங்கே மூன்று இன்ச் ஜரிகை பார்டர் வேறு. பார்டரை வைத்துக் கோடு போட்டுக் காட்டியது நாம்தான். முழங்கைக்கு ஒரு இன்ச் மேலே வரை கையை இறக்கினால் அங்கே கை மெலிந்திருக்கும். பார்டர் அங்கே எவ்வளவு பளபளத்தாலும் கேடில்லை. நீளம் விட முடியாத ஜாக்கெட்டில் பார்டரை மட்டும் பிரித்துவிட்டு, ஒல்லியான பைப்பிங் கொடுங்கள்.

கை இறுகிச் சதை பிதுங்கினால் அது வேறு கோளாறு. கையின் உள்தையலில் அரை இன்ச் கிடைக்கும், பிரித்துவிடுங்கள். தொளதொளப்பும் குண்டாகத்தான் காட்டும். கைக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் தட்டையாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

"முதல் தடவை துவைச்சதுமே சின்னதாப் போச்சு"

லைனிங்கை நனைக்காமல் தைத்திருக்கிறார்கள். பருத்தி லைனிங் தண்ணீர் பட்டதும் சுருங்கும், மேலே உள்ள பட்டோ சிந்தெடிக்கோ அந்த அளவுக்குச் சுருங்காது, ஆகவே வெளியே கொப்புளம் கொப்புளமாக நிற்கும். இஸ்திரி போட்டு இழுத்துப் பார்க்கலாம். பெரிய பலன் கிடையாது. கொடுக்கும்போதே லைனிங்கை ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவைத்து நீங்களே கொடுத்துவிடுவது உத்தமம்.

இறுக்கம் மட்டும் என்றால் பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். நல்ல தையல்காரர் இரண்டு, மூன்று வரி தைத்திருப்பார். வரிக்கு வரி கால் இன்ச் இடைவெளி இருந்தால், உடம்பை ஒட்டிய ஒரு வரியை இரண்டு பக்கமும் பிரித்தால் மொத்தச் சுற்றில் 1 இன்ச் கிடைக்கும். இதற்குக் கடைக்கு வர வேண்டியதே இல்லை. ஒரு பிளேடும் பகல் வெளிச்சமும் போதும்.

"சேலை கட்டினா வயிறு மூட்டை மாதிரி இருக்கு"

ஜாக்கெட்டை விட்டு இடுப்புக்கு வருவோம். இங்கே வயிற்றைக் குற்றம் சொல்லுமுன் துணியை எண்ணுங்கள். 7 கொசுவம் வைத்தால் 14 அடுக்குத் துணி தொப்புள் மேல் செருகப்படுகிறது. அதன் அடியில் பாவாடை நாடா முடிச்சு. பாவாடை சுருக்கு வைத்ததாக இருந்தால் அந்தச் சுருக்கும். தட்டை வயிறுக்காரிக்கே இது மூட்டைதான்.

உயரம் குறைந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சேலையின் அகலம் சுமாராக 46, 47 இன்ச். 5 அடி உயரப் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து தரை 38 இன்ச் இருந்தால், மிச்ச 8 இன்ச்சும் சுற்றிலும் உள்ளேதான் மடிந்து கிடக்கிறது. பாவாடையைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் அது இன்னும் கூடும். எனவே அவர்கள் தொப்புள் மட்டத்திலேயே கட்டட்டும்; செருகிய துணியைச் சுருட்டி விடாமல், உள்ளே கையை விட்டுத் தட்டையாக நீவி இறக்கட்டும்.

பிறகு வரிசையாக: சுருக்குப் பாவாடைக்குப் பதில் மேலே தட்டையாக, கீழே விரிகிற ஆறு துண்டுப் பாவாடை. நாடா முடிச்சு பக்கவாட்டில். கொசுவம் எண்ணிக்கையைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். மிச்சத் துணியை முந்தானைக்கு விடுங்கள். கொசுவத்தைச் செருகும் இடம் தொப்புளுக்கு ஒரு விரற்கடை இடப்பக்கம். ஷேப்வேர் பாவாடை இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. முடிச்சுத் தொல்லை போகும். ஆனால் அது தொடையை ஒட்டிப் பிடிக்கும், மெல்லிய ஜார்ஜெட்டுக்கு நல்லது, வீட்டு வேலையோடு கல்யாணப் பந்தியில் குனிந்து நிமிர்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

"பட்டுச் சேலையில நான் காணாமப் போயிடுறேன்"

குள்ளமானவர்கள் சொல்வது. காஞ்சிப் பட்டில் நூலை முறுக்கிச் சேர்த்து நெய்வதால் துணி கனம். அது உடம்போடு விழாது, தன் வடிவத்தில் நிற்கும். அதன் பார்டர் 12 இன்ச் என்றால், இடுப்புக்குக் கீழே உங்களுக்கு இருக்கும் 38 இன்ச்சில் மூன்றில் ஒரு பங்கை வேறு நிறத்தில் வெட்டி எடுத்துக்கொள்கிறது. 4 இன்ச்சுக்கு உட்பட்ட பார்டர், உடலும் பார்டரும் ஒரே நிறச் சாயலில் இருந்தால் இந்த வெட்டு மறையும். அம்மாவின் பெரிய பார்டர் சேலைதான் இருக்கிறது, அதைக் கட்டத்தான் ஆசை என்றால் கட்டுங்கள். ஜாக்கெட்டை மட்டும் பார்டர் நிறத்தில் எடுக்காமல் உடல் நிறத்தில் எடுங்கள். இடுப்பிலிருந்து தோள் வரையாவது ஒரே ஓட்டமாக இருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டுங்கள். கரை தரைக்கு அரை இன்ச் மேலே நிற்கட்டும். கணுக்கால் தெரிய நின்றால் உள்ள உயரமும் போச்சு. (செட்டிநாட்டு ஆச்சிமார் கண்டாங்கியைக் கொலுசு தெரிய உயர்த்திக் கட்டியது வேறு அழகு, அந்தக் கட்டுமுறைக்கு அது பொருந்தும்.)

மிக ஒல்லியானவர்களுக்கு அதே கனத் துணி வரம். கஞ்சி போட்ட கோட்டா, ஆர்கன்சா, கோரா காட்டன் எல்லாம் உடம்பை விட்டுத் தள்ளி நின்று கொஞ்சம் உருவம் கொடுக்கும். முந்தானையை மடித்துப் பின் குத்தாமல் ஒற்றையாகக் கையில் விட்டுப் பாருங்கள். ஜார்ஜெட்டும் சிஃபானும் இடுப்பை ஒட்டி விழும் என்பதால் இடுப்பு அகன்றவர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரை, கொஞ்சம் கனமான கிரேப் அல்லது மைசூர் பட்டு அவர்களுக்கு மிக நன்றாக விழும். ரொம்ப மெல்லியதுதான் காட்டிக்கொடுக்கும்.

"குறுக்குக் கோடு எனக்கு ஆகாதாமே"

இது கோளாறே இல்லை, வதந்தி. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறார்: ஒரே அளவுள்ள இரண்டு சதுரத்தில் ஒன்றுக்குக் குறுக்குக் கோடும் மற்றதற்கு நெடுக்குக் கோடும் போட்டால், குறுக்குக் கோடு போட்டதுதான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும். பெண்கள் உடையைப் பற்றியும் அவரே சொல்லிவைத்தார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்சனும் கிரியாகி மிகெலிடூவும் 2011இல் உடை அணிந்த பெண் உருவப் படங்களை வைத்துச் சோதித்தபோதும், குறுக்குக் கோடு குண்டாகக் காட்டவில்லை. நெருக்கமான மெல்லிய கோடுகளைப் பற்றிய பேச்சு இது. வயிற்றுக்கு நேராக ஒரே ஒரு தடித்த பட்டை வந்தால் கண் அங்கே போய் நிற்கத்தான் செய்யும். கைப் பார்டர் கதைதான் அதுவும். சுங்குடிப் புள்ளி, சின்னக் கட்டம், நெருக்கமான கோடு எதையும் உடம்பைக் காரணம் சொல்லி ஒதுக்க வேண்டாம்.

"குர்தி சைடு ஓபன் விரிஞ்சுக்கிட்டே நிக்குது"

மார்புக்குச் சரியான சைஸ் வாங்கியிருக்கிறீர்கள், இடுப்புக்கு அது பற்றவில்லை. ரெடிமேடில் மார்பளவுக்கும் இடுப்பளவுக்கும் ஒரே விகிதம் வைத்துத்தான் வெட்டுவார்கள். அதிலும் ஒரு கம்பெனி எம் இன்னொன்றின் எல். இந்திய உடம்புக்கென்றே அளவு அட்டவணை உருவாக்க நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் கல்வி நிறுவனம் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளவெடுக்கும் திட்டத்தைக் கையில் எடுத்ததே இந்தத் தொல்லையால்தான். அதுவரை ஒரே விதி: உங்கள் உடம்பில் எது அகலமோ அதற்குப் பொருந்துவதை வாங்கி, மற்ற இடத்தைப் பிடியுங்கள். பிடிப்பது எளிது, இல்லாத துணியை விடுவது நடக்காது. திறப்பு இடுப்பின் அகன்ற இடத்துக்கு மேலேயே ஆரம்பித்தால் தாராளமாக விழும். கையில் இருக்கும் குர்தியில் திறப்பை ஒன்றரை இன்ச் மேலே பிரித்து, முனையில் இரட்டைத் தையல் போட்டுப் பாருங்கள். குர்தி தொடையின் பெருத்த இடத்தில் முடிந்தால் முழங்காலுக்குக் கீழே போகிற நீளத்துக்கு மாறுங்கள், அல்லது தைரியமாக இடுப்போடு நிறுத்துங்கள்.

எதுவும் பலிக்காத ஜாக்கெட்டுகள்

உள்தையல் விடாமல் ஓவர்லாக் போட்டு வெட்டிய ஜாக்கெட்டை விரிக்க முடியாது. பக்கத்தில் பட்டி வைக்கலாம், அது தெரியும், தெரிந்தால் பரவாயில்லை என்றால் மாறுபட்ட நிறத்தில் வேண்டுமென்றே வைத்தது மாதிரி வைத்துத் தருவேன். ஆரி வேலை செய்த கையைப் பிரித்தால் நூல் ஓடும். வெல்வெட்டிலும் டிஷ்யூவிலும் ஊசி போன ஓட்டை மறையவே மறையாது. ஆரி, வெல்வெட், டிஷ்யூ இந்த மூன்றையும் தைக்கக் கொடுக்கும்போது, முதலில் பழைய பாவாடைத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தையல்காரர் முகம் சுளிப்பார். துணிக்குச் செலவு கொஞ்சம், அவருக்கு ஒரு மணி நேர வேலை. கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். அந்தத் துணி ஜாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இனிமேல் அளவு ஜாக்கெட் அதுதான்.